திரும்பப் போட்ட வாஷர்

மண்ணூர்பேட்டை கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்தும் கன்னியம்மா சோற்றைத் தொடவில்லை. டிபன் மூடியில் பத்து வாஷர்கள் வெயிலில் மினுங்குகின்றன, மூன்று பழுது. நாளை அவள் தனித்தேர்வராய் எழுதும் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு. ஒன்றை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டு, இன்னொன்றை எடுத்தால் இரண்டுமே பழுதாயிருக்க நிகழ்தகவு என்ன? பத்தில் மூன்று, ஒன்பதில் இரண்டு, பெருக்கினால் பதினைந்தில் ஒன்று. புத்தகமோ நூறில் ஒன்பது என்கிறது. மூன்றாவது தடவையும் உதைக்கிறது. பக்கத்து மெஷின் ஜாஸ்லின் எட்டிப் பார்த்து வரியில் விரல் வைக்கிறாள். “யக்கா, திரும்பப் போடணும்னு போட்டுக்கீது பாரு.” “பழுதைப் போய் எவளாச்சும் திரும்பப் போடுவாளா?” பதினோரு வருஷம் செக்கிங்கில் பழுதைப் பொறுக்கி எறிந்தே பழகிய கை தயங்கித் தயங்கி, எடுத்த பழுது வாஷரை மூடியில் போடுகிறது. ஒன்பது மறுபடி பத்தாகிறது, பழுது இரண்டிலிருந்து மூன்றாகிறது. “நூத்துல ஒம்போதுடீ!” அவள் போட்ட கூச்சலில் ஷெட்டே திரும்பிப் பார்க்கிறது. விடையை எழுதிய கையோடு அந்த வாஷரைப் பொறுக்கிக் கழிவு டப்பாவில் எறிந்து, அதனிடமே சொல்கிறாள்: “கணக்குதான் முடிஞ்சிருச்சே, நீ கெளம்பு!”