கழுத்துக்கு மேலே

வாசலைத் தாண்டியதுமே புறா எச்சத்தின் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. புது மருமகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே தெருவில் ஒரு சுற்றுலாக் கூட்டம் அண்ணாந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நாலா பக்கமும் பாலைவனம், நடுவே இப்படியொரு தெரு. இரண்டு பக்கமும் மாளிகைகள். சுவரெல்லாம் குதிரை, கப்பல், ரயில் வண்டி, குடை பிடித்த சீமாட்டிகள் என்று ஒரு சாண் இடம் விடாமல் சித்திரம். அவர்களுக்கென்ன, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே வந்து ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கட்டும், தெரியும் சங்கதி.

உள்ளே உத்தரம் முழுக்க வௌவால். பல்லிடுக்கில் மணல். தண்ணீர்ப் பானையைத் திறந்தால் அதில் ஒரு இறகு மிதந்தது.

அடச்சீ என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். கல்யாணமாகி முதல்முறையாகப் புருஷனின் பூர்வீக வீட்டுக்கு வந்தவள் சத்தம் போட்டா சொல்ல முடியும்?

வந்த காரியம் சித்திரம். நடுமுற்றத்துச் சுவரில் அந்த வீட்டு ஆண்கள் ஒவ்வொருவரும் மனைவியோடு ஜோடியாக நிற்பார்கள். பரம்பரை வழக்கமாம். அந்தச் சுவரில் ஏறினால்தான் அவள் அந்த வீட்டு மருமகள். ஊரைக் கூட்டிக் கல்யாணம் செய்ததெல்லாம் மாமியாரிடம் செல்லாது.

கடைசி ஜோடியில் அவள் புருஷன் விறைப்பாக நின்றான். பக்கத்தில் அவனுடைய மூத்த தாரம்.

அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று சொல்லித்தான் இவளைப் பெண் கேட்டு வந்தார்கள். இரண்டாந்தாரம் என்றதும் இவளுக்கு மனசு ஒப்பவில்லை. அண்ணன்தான் கரைத்தான். எதையும் மறைக்காமல் சொல்கிறார்களே, அந்த யோக்கியதை இந்தக் காலத்தில் யாருக்கு இருக்கிறது என்றான். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் கழுத்தை நீட்டினாள்.

இங்கே வந்து இவள் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். என்னை வேறு இடத்தில் வரையச் சொல்லுங்கள். இந்த வீட்டில் சுவருக்கா பஞ்சம்?

புருஷன் அம்மாவைப் பார்த்தான். அவனுக்கு வாய் இருந்ததே சாப்பிடத்தான்.

ஆம்பிளைக்கு ஓரிடம்தான், அதை மாற்றும் பேச்சே கிடையாது என்று மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாள். பிறகு சுவரருகே போய், ஜவுளிக்கடையில் சேலை பார்ப்பதுபோல் மூத்தவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"முகத்தை மட்டும் மாத்தினாப் போதும். கழுத்துக்குக் கீழ எல்லாம் நல்லாத்தானே இருக்கு."



செத்துப்போனவளின் சேலை. அவளுடைய வளையல். புருஷன் தோள்மேல் அவள் போட்டிருந்த கை. அதெல்லாம் அப்படியே இருக்குமாம், மேலே இவள் தலையைக் கொண்டுபோய் வைப்பார்களாம். என்ன கண்றாவி இது!

ஓவியர் அந்த வீட்டுக்கு வாடிக்கையாக வருகிறவர். இவளை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். சுண்ணாம்பு அப்பிய விரலால் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். சரியாகப் பொருந்தும் என்று மாமியாரிடம்தான் சொன்னார், இவளிடம் இல்லை. விரல் பட்ட இடத்தை இவள் தோள்பட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

வாசல் வழியாக எட்டிப் பார்த்த ஒரு சுற்றுலாக்காரி, ஆகா ஆகா என்று சொல்லி இவளையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

ஓவியர் சுரண்ட ஆரம்பித்தார். முதலில் மூத்தவளின் நெற்றி போயிற்று. அப்புறம் உதடு. ரோஸ் நிறத் தூள் பறந்து மாமியாரின் காபி டம்ளரில் விழுந்தது. அவள் அதை விரலால் வழித்து உதறிவிட்டு மிச்சக் காபியைக் குடித்தாள்.

மூத்தவள்மீது இவளுக்குப் பொறாமைதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஐயோ பாவமே என்றிருந்தது. புருஷன் பக்கத்தில் வந்து குனிந்து, கொஞ்சம் அனுசரித்துப் போ, அம்மா மனசு நோகக் கூடாது என்று முணுமுணுத்தான். அவன் போட்டிருந்த சென்ட் வாடைகூட இவளுக்குப் பிடிக்கவில்லை.

மூத்தவளின் கன்னத்தில் கத்தி வைத்தபோது காரை ஒரு பாளமாகப் பெயர்ந்து கீழே விழுந்தது.

ஓவியரின் கை நின்றது.

அடியில் ஒரு கண் இருந்தது.

மூத்தவளுக்குப் பெரிய கண். இது சின்னது. கண்ணோரத்தில் ஒரு மச்சம். அதற்குக் கீழே, இன்னும் குழந்தைச் சதை வற்றாத ஒரு கன்னம். வேறு பெண். வயது ரொம்பக் குறைவு.

ஓவியர் சட்டென்று உள்ளங்கையால் அதை மூடினார்.

அப்படியானால் அந்தச் சேலை? புருஷன் தோள்மேல் கிடந்த அந்தக் கை?

இவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்க்கவே இல்லை. இவள் பார்த்துவிட்டாளா என்று இவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்டூலை விட்டு எழுந்தாள். யார் இந்தப் பெண் என்று அவனிடம் கேட்டாள். அவன் அம்மாவைப் பார்த்தான்.

மாமியார் டம்ளரை ணங்கென்று கீழே வைத்துவிட்டு ஓவியர் பக்கம் திரும்பினாள்.

"போன தடவையே நல்லாச் சுரண்டுன்னு உங்கிட்ட சொன்னேனா இல்லையா?"