வாலைப் பிடித்து

காட்சித் தொட்டிக்கு வந்த இருபது நாளாகக் கடல்பாம்பு இரையைத் தொடவில்லை. கண்ணாடி மூலையில் முட்டி முட்டி அதன் மூக்கு வெளுத்திருந்தது.

"தொண்டையில டியூப் விட்டு ஊட்டுங்க. ஞாயித்துக்கிழமை கூட்டம் வரும்," என்றார் மீன்காட்சியக மேலாளர்.

தொட்டிகளைப் பராமரிக்கும் ஜெசிந்தா பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி, கடல்நீர் வாளியில் விட்டு, வாசலை நோக்கி நடந்தாள்.

"எங்கேம்மா கொண்டுபோறீங்க?"

"வலையில விழுந்தாக்கூட எங்க ஆளுங்க வாலைப் பிடிச்சுக் கடல்ல விட்டுருவாங்க சார். உங்ககிட்ட விழுந்தா மட்டும் சாகணுமா?"

"வேலை போயிரும்!"

"போகட்டும்."

"சூசை, கதவைப் பூட்டு!"

முன்பு கடலில் வலை இழுத்த வாசல் காவலாளி சூசை வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பாம்பு தலையை உயர்த்தி மூச்சு வாங்கியது. அவர் கையிலிருந்த சாவிக்கொத்தைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"சாவியக் காணோம் சார்!"