சிலந்திக்கு ஒரு பெயர்

"பொண்ணு கைக்கு வந்துருச்சு. மாப்பிள்ளையைத்தான் எங்க தேடியும் காணோம் சார்" என்று பெருமூச்சு விட்டான் ஷேக் தாவூது.

"மாப்பிள்ளை இல்லாட்டிப் போகட்டும். பொண்ணை மட்டும் வச்சே முடிச்சிரலாம்" என்றார் இன்னாசிராஜ், கண்ணை எடுக்காமல்.

அவர் கண் வீட்டு மேசையில் வைத்திருந்த மைக்ராஸ்கோப்பில் இருந்தது. அதற்கு அடியில், கண்ணாடிக் கிண்ணத்து ஸ்பிரிட்டில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு முள் சிலந்தி கிடந்தது. அந்த வகையில் முள்ளும் மினுக்கும் பெண்ணுக்குத்தான். ஆண் எள்ளளவு இருக்கும். இருக்கிற இடமே தெரியாது.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரை மூங்கில் புதரில் பிடித்தது அது. பின்பக்கத்து முள் இரண்டும் மாட்டுக் கொம்பு மாதிரி உள்பக்கம் வளைந்திருந்தன. புத்தகங்களைப் புரட்டியாயிற்று, கல்கத்தா மியூசியத்துக்கு எழுதிக் கேட்டாயிற்று. இப்படி ஒன்றை இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை. புத்தம் புது இனம்.

காலமெல்லாம் கல்லூரிப் பையன்களுக்குத் தவளை அறுத்துக் காட்டியவருக்கு இப்படி ஒன்று வாய்ப்பது லேசா, சொல்லுங்கள்? ஆனால் இன்னாசிராஜுக்குச் சந்தோஷம் வரவில்லை. வரவேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி, தொட்டால் தொட்டது தெரிகிறது, அவ்வளவுதான். போன வருஷத்திலிருந்து எல்லாமே அவருக்கு அப்படித்தான்.

"எழுதிக்குங்க. நடு முள் மத்ததைவிட நீளம். நுனி கறுப்பு. ஓட்டுல மஞ்சள் பட்டை."

"இப்ப மஞ்சள் எங்க சார் இருக்கு? உயிரோட இருந்தப்ப என்னமா மின்னுச்சு! சுண்ணாம்பா வெளுத்துருச்சே."

"ஸ்பிரிட்டுல போட்டா அப்படித்தான். முள்ளு மட்டும் நிக்கும், நிறம் போயிரும்."

தாவூது அந்த ஜூன் மாதம்தான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தவன். கட்டுரையை டைப் அடிக்கிற வேலை அவனுடையது. நாளைக் காலைத் தபாலில் போயாக வேண்டும்; வேறு எவனாவது முந்திக்கொண்டால் இத்தனை பாடும் வீண். எல்லாம் முடிந்து, சிலந்திக்குப் பெயர் போடுகிற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"எச்.ஓ.டி. தன் பேரை வச்சா நல்லாருக்கும்னு ஜாடையா சொன்னாரு சார்."

"ஏன், அவருக்கு இருக்கிற முள்ளு பத்தலையாமா?"

தாவூது விழுந்து விழுந்து சிரித்தான். இன்னாசிராஜ் சிரிக்கவில்லை.

"அமலராணின்னு வைங்க" என்றார்.

அடுக்களையில் காப்பி ஆற்றுகிற சத்தம் நின்றது. அவர் மனைவி இருதயமேரி அங்கே இருந்தாள். அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது.

"யாரு சார் அது?"

"என் மக. ஒரே மக." கிண்ணத்தில் இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டார். "செத்துப்போயிட்டா."

குரல் நடுங்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன சொல்.

தாவூது பேனாவை மூடினான். அப்போதுதான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தான். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். மேலப்புதூர்க்காரர்கள் மெழுகுவத்தியும் செவ்வந்தியுமாகக் குடும்பம் குடும்பமாய்ப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"மன்னிச்சுக்குங்க சார், நாள் தெரியாம வந்துட்டேன். நீங்களும் அம்மாவும் புறப்படணுமே?"

"நாங்க போறதில்லை."

"புரியுது சார். அங்க போய் நிக்கிறதுக்கு மனசு தாங்காதுதான்."

இன்னாசிராஜ் ஸ்பிரிட் புட்டியை மூடி வைத்தார். அழைக்கவும் முடியாத, மறக்கவும் முடியாத ஒரு பெயர். அது ஏதோ ஒரு தேசத்து நூலகத்தில், யாரும் தொடாத அலமாரியில், பத்திரமாக இருந்துவிட்டுப் போகட்டும். இந்த வேலையில் அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

இருதயமேரி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரம் நின்றாள்.

"தம்பி, இது அச்சாயிட்டா அப்புறம் அழிக்க முடியாதா?"

"முடியாதும்மா. பேரு வச்ச சாரே நெனைச்சாலும் முடியாது. நாமெல்லாம் போனப்புறமும் அப்படியே நிக்கும்."

"அப்படியா" என்றாள்.

தாவூது பேனாவைத் திறந்தான். "யாரு பேரு, எதுக்கு வச்சோம்னு கடைசியில ஒரு வரி எழுதணும் சார். அதுதான் வழக்கம்." தயங்கினான். "'மறைந்த என் மகளின் நினைவாக'ன்னு போட்டுரட்டுமா?"

இன்னாசிராஜ் மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அதற்கு ஆறு முள் இருந்தது.

"போடுங்க."

பேனா காகிதத்தில் படப்போகிற நேரம், கதவோரத்திலிருந்து இருதயமேரியின் குரல் வந்தது.

"அப்படிப் போடாதீங்க தம்பி. நேத்துகூட காந்தி மார்க்கெட்டுல புருஷனோட நின்னு கத்திரிக்காய் பொறுக்கிட்டு இருந்தா."