சோத்துக்கைப் பக்கம்

பேக்கரியிலிருந்து பாண் வாசனை வந்தது. சந்தி வந்துவிட்டது என்று ஜெமீலுக்குத் தெரிந்தது.

வழக்கமாக அந்த இடத்தில் "இடக்கைப் பக்கம்" என்பான். வீடு அந்தப் பக்கம்தான்.

இன்று, "சோத்துக்கைப் பக்கம் திருப்பு புள்ள" என்றான்.



 ஹிமாயா ஸ்கூட்டியை வலப்பக்கம் திருப்பினாள்.

அவனுக்குப் பார்வை போய் ஒன்றரை வருடம். அதற்கு முன் பதினைந்து வருடம் கல்முனையில் ஆட்டோ ஓட்டியவன். அவன் மனைவி ஹிமாயா பொத்துவில்காரி; இந்த ஊர்ப் பாதைகள் அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தான். அவள் கேக் செய்து வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கியபோது, பெட்டியை மடியில் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து பாதை சொல்வது அவன் வேலையானது. வாசனை பிடித்து, வேகத்தடைகளை எண்ணி, எந்த ஒழுங்கையில் திரும்ப வேண்டும் என்று சொல்வான். ஒருமுறைகூடப் பிழையாகச் சொன்னதில்லை. அந்த வேலைக்காகவே தினமும் முகம் மழித்துக்கொள்வான்.

இன்று சாய்ந்தமருதில் கேக்கைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, அவள் போனில் யாருக்கோ மருதமுனையில் ஒரு வீட்டுக்கு வழி சொன்னாள். சந்தி சந்தியாக, மதகு மதகாக. ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. அவனே மறந்துபோயிருந்த ஒரு குறுக்கு ஒழுங்கையையும் சொன்னாள்.

அப்படியென்றால் தினமும் அவனிடம் ஏன் கேட்கிறாள்?

அதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போக அவனுக்கு மனம் வரவில்லை.

கொங்கிரீட் வீதி முடிந்தது. ஸ்கூட்டியின் சில்லு மணலில் புதைந்து நின்றது. முன்னால் அலைச் சத்தம்.

"கடல் வந்திட்டு. இனி எங்கால போற?" அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

"பிழையான பாத எண்டு ஒனக்குத் தெரியும்தானே?"

"தெரியும். ஒரு நாளும் பிழைக்காத ஆள் எங்க கூட்டிப் போகப்போறாரு எண்டு பாக்க ஆசையா இரிந்திச்சி."

அவன் இறங்கி நின்றான்.

"அப்ப எல்லாப் பாதையும் தெரியும். பொறகு என்னத்துக்கு என்னக் கேக்கிற? நான் சும்மா இரிக்கன், பாவம் எண்டா?"

அவள் எஞ்சினை நிறுத்தினாள். இரண்டு அலை வந்து போனது.

"பாதைக்காகக் கேக்கல்ல" என்றாள். குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "ஒங்கட கண் போன அண்டைக்கி, மாடு குறுக்க பாஞ்சக்குள்ள ஸ்கூட்டிய ஓடினது நான்தானே. ஒங்கட குரல் காதுல கேட்டாத்தான், நீங்க பின்னால உசிரோட இரிக்கீங்க எண்டு எனக்குத் தெரியும். சத்தம் இல்லாட்டி என்னால ஸ்கூட்டிய ஓட ஏலாது."

அந்த நாளைப் பற்றி அவர்கள் இதுவரை கதைத்ததேயில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, ஸ்கூட்டியைத் தொடவே பயந்து நின்றவளிடம் எதுவும் சொல்லாமல், முதலில் போய்ப் பின்னால் ஏறியவன் அவன்தான்.

ஜெமீல் கையை நீட்டி அவள் தோளைத் தேடிப் பிடித்தான். ஏறி உட்கார்ந்தான். அவள் ஸ்கூட்டியை வந்த வழியே திருப்பினாள்.

திரும்பும் இடமே இல்லாத அந்த நீட்டு வீதியில், "நேர போ... நேர போ..." என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தான்.