கோழியின் அலகு

சீனாவின் குவான்சோ ஊர் ஓட்டுச் சூளையின் வருடக் கடைசி விருந்து. சுழலும் கண்ணாடித் தட்டில் முழுக்கோழி ஒன்று தலையோடு கிடக்கிறது. அதன் அலகு யாரைப் பார்த்து நிற்கிறதோ அவருக்கு அடுத்த வருடம் வேலையில்லை. முதலாளி அதை வாய்திறந்து சொல்வதில்லை. சூளைத் தூசியைப் பற்றி அதிகாரியிடம் பேசியது யார் என்று ஹோங் முதலாளிக்கு இன்னும் பிடிபடவில்லை. பேசியவள் சூயின். பக்கத்தில் இருமலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் லீஹுவாவுக்காகத்தான் பேசினாள். அது லீஹுவா ஒருத்திக்குத்தான் தெரியும்.

"வாய மூடுறதப் பத்தி ஆளுக்கொரு பழமொழி சொல்லுங்க. தெரியாதவங்க ஒரு கோப்பை குடிக்கணும்," என்று முதலாளி சிரித்தபடி தட்டைச் சுழற்றிவிடுகிறார்.

"அடைச்ச புட்டி மாதிரி வாயி," என்கிறார் மேஸ்திரி. கைதட்டல். ஜன்னல் வெயில் கோழியின் எண்ணெய்த் தோலில் வழுக்கிப்போகிறது. தட்டு மெல்லத் தளர்ந்து நிற்கிறது. அலகு லீஹுவாவுக்கு நேரே. ஒருவரின் சாப்பாட்டுக் குச்சியும் அசையவில்லை. மேஜைக்கடியில் சூயின் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். சில்லென்றிருக்கும் லீஹுவாவின் கை அவள் பிடியிலிருந்து நழுவி மேலே போகிறது. ஒற்றை விரல் கண்ணாடி விளிம்பைத் தொட்டு ஒரு சாண் நகர்த்துகிறது. இப்போது அலகு சூயினைப் பார்க்கிறது.

"ஓ, அப்படியா சங்கதி!" என்கிறார் முதலாளி. "இப்ப நீ சொல்லும்மா, லீஹுவா."

"பனிக்காலச் சில்வண்டு மாதிரி கம்முனு," என்கிறாள் லீஹுவா, இருமாமல்.

முதலாளி கோழித் தொடையைப் பிய்த்து அவள் கிண்ணத்தில் வைக்கிறார்.