சரியாப்பா?

பதினெட்டு ஜன்னல். பதினெட்டுத் திரைச்சீலையும் நாலு விரற்கடை குட்டை. ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்படியே மூட்டை கட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முதலாளியம்மா ஒன்றை எடுத்துக் கடை ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். வளர்ந்த பெண்ணுக்குப் போன வருஷத்துப் பாவாடையைப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"கயித்துலயா அளந்தே?"

"எப்பவும் அதுலதானேம்மா அளக்கறேன்."

கடையில் அவளுக்குப் பெயரே கயிறக்கா. வீடு வீடாகப் போய் ஜன்னலுக்கு அளவெடுப்பவள். மற்றவர்கள் டேப்பை நீட்டினால் இவள் பருத்திக் கயிற்றை நீட்டுவாள். அகலத்துக்கு ஒரு முடிச்சு, உயரத்துக்கு இரண்டு. மடிப்புக்கு ஒரு சாண் கூட விட்டுக்கொள்வாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு குறை வந்ததில்லை. போன வாரம் ஆஸ்பத்திரியில் அளவெடுத்துவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்த கயிறு காயும்போது சுருங்கித் தொலைத்ததை யார் கண்டார்கள்?

"நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கு அளவெடுக்கணும்" என்றாள் முதலாளியம்மா. "டேப்பைப் பிடி. உயரம் எத்தனை இன்ச், மடிப்புக்கு எட்டு சேர்த்தா எத்தனைன்னு எழுதிட்டு வா. முடியலேன்னா சொல்லிடு, வேற ஆள் போகட்டும். நீ மெஷின்ல உட்கார்ந்து ஓரம் அடி."

"எனக்குக் கணக்கு வராதும்மா."

"யார் சொன்னது?"

அவள் திரைச்சீலையை மடிக்க ஆரம்பித்தாள். பெற்ற அப்பாவே சொன்னது. அதைக் கடை நடுவில் வைத்துப் பறைசாற்றவா முடியும்?

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. மில்லில் மூட்டை தூக்கி ஓய்ந்த அப்பா, அதைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்.

"யாருன்னு பாரும்மா. கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டேன்."

கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. வயசானால் மறதி வருவது சகஜம் என்று அவள் எப்போதும் போல விட்டுவிட்டாள்.

கடையில் நடந்ததைச் சொன்னாள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

"உனக்குத்தான் கணக்கு வராதே. எதுக்கு வம்பு? ஓரம் அடிக்கிறதும் வேலைதானே."

கேட்டுக் கேட்டுக் காது புளித்த வார்த்தை. ஆனால் இந்த முறை அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தவளை வெளியே அனுப்பி, ஊரிலுள்ள ஜன்னலையெல்லாம் திறந்து காட்டிய வேலை அது. விட மனசில்லை.

கடையிலிருந்து கொண்டுவந்த டேப்பை எடுத்தாள். கூடத்து ஜன்னலின் உயரத்தை அளந்தாள். நாற்பத்தேழு. மடிப்புக்கு எட்டு. விரலை மடக்கினாள், நீட்டினாள், மறுபடி மடக்கினாள். தையல் சாக்கட்டியால் ஜன்னல் கதவின் மேலேயே எழுதினாள்: ஐம்பத்தைந்து.

"சரியாப்பா?"

வாய் தானாகக் கேட்டுவிட்டது. ஏழு வயசில் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்ட அதே கேள்வி.

அப்பா எழுந்து வந்தார். புருவத்தை நெரித்துப் பார்த்தார். அதே பழைய பார்வை. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாதா? அவர் பேசுவதற்குள் கட்டைவிரலை எச்சில் தொட்டு எழுத்தின் மேல் வைத்துவிட்டாள்.

"அழிக்காதே."

"தப்புத்தானேப்பா?"

"தெரியலைம்மா."

"கண்ணாடி பையிலதான் இருக்கு. போட்டுட்டுப் பாருங்க."

"போட்டாலும் தெரியாது." அவர் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு நம்பர் படிக்கத் தெரியாது."

அவளுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை.

"அப்போ நான் சிலேட்டைக் கொண்டு வந்து காட்டுவேனே?"

"அப்பவும் தெரியாது. பெத்த பொண்ணுகிட்ட தெரியாதுன்னு சொல்ல நாக்கு வரலை. சரின்னு சொல்லி, ஸ்கூல்ல தப்பாயிட்டா என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிடும். அதனால எதைக் காட்டினாலும் தப்புன்னு சொல்லிடுவேன். நீயும் எச்சில் தொட்டு அழிச்சுட்டு வேற எழுதிட்டுப் போவே. அடி வாங்கி அழுதுட்டு வருவே. உனக்குக் கணக்கு வராதுன்னு சொல்லி அதையும் மூடிட்டேன்."

அவள் ஜன்னல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழும் எட்டும் பதினைந்து என்று அன்றைக்கும் முதலில் சரியாகத்தான் எழுதியிருந்தாள். அழித்துவிட்டுப் பதினாறு என்று மாற்றியது இப்போதும் நினைவிருந்தது.

கோபம் வர வேண்டிய இடம்தான். வந்ததோ சிரிப்பு. முப்பத்தைந்து வருஷமாகத் தலையில் சுமந்த மூட்டையை யாரோ கைகொடுத்து இறக்கிவிட்ட மாதிரி அப்படி ஒரு நிம்மதி. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷம் நான் மக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன்ப்பா."

"மக்கு நான்தாம்மா."

"போதும், விடுங்க. இன்னும் மூணு ஜன்னல் இருக்கு. விடியறதுக்குள்ள பழகிக்கணும். இந்த நுனியைப் பிடிங்க."

அவர் டேப்பைப் பார்த்துத் தயங்கிக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சும்மா பிடிங்கப்பா" என்றாள். "அந்த நுனியில நம்பரே கிடையாது."