ரெண்டு காதும் தெரியணும்

அம்பத்தூர் எஸ்டேட் அருகே, நாய் டாக்டரின் வாசற்படியில் கம்பெனிச் சீருடையோடு அஞ்சலை உட்கார்ந்திருக்கிறாள். மடியில் அவளுடைய நாய் குல்பியின் தலை. சொறிந்து சொறிந்து ரத்தம் கட்டி, பலூன்போல் வீங்கிய இடது காதைக் காலையில்தான் கீறித் தைத்திருக்கிறார்கள். தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு, அதில் காசளவு சிவப்பு. ஒன்பதாயிரத்துக்கான ரசீது அவள் கைவியர்வையில் நனைகிறது. பஸ் இரைச்சலை மீறி, போன் ஸ்பீக்கரில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரரின் குரல். "பாலிசி எடுத்தப்போ குடுத்த போட்டோல ரெண்டு காதும் இருக்குங்க மேடம். இப்ப நீங்க அனுப்பின போட்டோல ஒண்ணுதான் தெரியுது. அதே நாய்தானான்னு நாங்க பாக்கணும். கட்டைப் பிரிச்சு ஒரு போட்டோ அனுப்புங்க." "இன்னாய்யா பேசற நீ? அந்தக் காதை அறுத்ததுக்குத்தான் காசு கேக்கறேன்! கட்டைப் பிரிச்சா தையல் பிச்சிக்கினு பூடும், நீ வந்து தைப்பியா?" அவள் கத்தலில் எதிர்க்கடை டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். "உங்க கஷ்டம் புரியுதுங்க மேடம். ஆனா ரெண்டு காதும் தெரியணும்." அஞ்சலை போனை நாயின் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். "இந்தா, நீயே அதாண்ட சொல்லு." கனிவான அந்தக் குரல் மறுபடியும் அதையே சொல்கிறது. குல்பி வாலை ஆட்டுகிறது. கட்டுக்கு வெளியே இருக்கும் ஒற்றைக் காதை நிமிர்த்திக் கவனமாகக் கேட்கிறது.